அறுப்பு ஊசி

சுபலட்சுமிக்கு நாற்பத்தாறு வயது. அவளுடைய வியாதிகளுக்கும் வயது உண்டு. முடக்குவாதத்துக்குப் பதினொன்று, தைராய்டுக்கு எட்டு, பிரஷருக்கு ஐந்து. ஆரணியில் பட்டுத்தறிக் குழிக்குள் காலை விட்டு உட்காருகிறவளுக்கு விரல் மடங்கவில்லை என்றால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று கேட்கலாம். எப்படியோ நடந்தது. மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பஸ் ஏறி வேலூருக்குப் போய் மூட்டு டாக்டரம்மாவைப் பார்த்தாள். திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தாள்.

இந்த ஆடியில் போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டை இரண்டு தரம் பார்த்தார். கிரியேட்டினின் 2.4 என்று இருந்தது. கிட்னி கெட்டுக்கொண்டு வருகிறது, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்போம், இன்னும் ஏறினால் கிட்னி டாக்டரிடம் அனுப்ப வேண்டிவரும் என்றார். வழக்கமாகக் கேட்பதையும் கேட்டார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாளா? போன வருஷம் போளூரில் வாங்கிப் பத்து நாள் தின்ற லேகியத்தைப் பற்றிச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். வேறு எதுவும் இல்லை என்றாள். அவளைப் பொறுத்தவரை அது சத்தியம்.

பஸ்ஸில் வரும்போது ஒரே நினைப்புதான். பக்கத்துத் தெரு சுப்பராயலு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். போகிறவரைத் தெருவே பார்த்தது, ஒரு நாள் அவர் போகவில்லை, சாவு மேளம்தான் கேட்டது. அந்த மெஷினும் குழாயும் தன் கைக்கு வந்துவிடுமோ என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தால் கிட்னிக்கு நல்லதா கெட்டதா என்றுகூடத் தெரியவில்லை. குடிக்கவும் பயம், குடிக்காமல் இருக்கவும் பயம்.

பழைய சீட்டுகளையெல்லாம் கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அமாவாசையன்று தறிக்கு லீவு. காலையில் துணிக்கடைப் பையைக் கொட்டிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். அடுக்கியதும்தான் ஒன்று உறுத்தியது. 1.1, 1.3, 1.8, பிறகு 1.4, இப்போது 2.4. கெடுவது கெட்டுக்கொண்டேதானே போகும், நடுவில் எப்படி இறங்கியது? லேகியம்தான் என்று முதலில் அதன் மேல் பாய்ந்தாள். லேகியம் தின்ற மாதத்தில் எண் ஏறவே இல்லை. பாவம், லேகியத்தைச் சும்மா திட்டியிருந்தாள்.

சுவரில் களம்பூர் ரைஸ்மில் காலண்டர் தொங்கியது. அதே ஆணியில் அதற்கடியில் போன இரண்டு வருஷத்துக் காலண்டர்களும் இருந்தன. புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுக்கும் நாளில் ‘அ’ என்று எழுதி வைப்பது அவள் வழக்கம். சீட்டுத் தேதிகளை அந்தக் கட்டங்களில் தேடினாள். 1.8 வந்த தேதிக்கு நான்கு நாள் முன்னால் ஒரு ‘அ’. 2.4க்கு மூன்று நாள் முன்னால் ஒன்று. 1.4 வந்தபோது இரண்டு மாதமாக ‘அ’வே இல்லை. அப்போது முதலாளியிடமிருந்து பாவு நூல் வராமல் தறி சும்மா கிடந்தது.

காலண்டர்களை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அறுப்பு என்றால் ஊசி. கடைசி இரண்டு நாள் புடவையின் முந்தியை நெய்யும்போது விரலும் தோளும் விண்விண்ணென்று தெறிக்கும். கணவன் மணவாளன் சைக்கிளில் வைத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவான், போட்டுக்கொண்டு வந்து முடித்துவிடுவாள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். அதற்கு ‘அறுப்பு ஊசி’ என்று பெயரே வைத்திருந்தார்கள்.

மறுநாள் தனியாகக் கிளினிக்குக்குப் போனாள். கம்பவுண்டர் குணா அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமலே மருந்தை ஏற்ற ஆரம்பித்தான். ஆறு வருஷப் பழக்கம்.

“ஊசி வேணாம் தம்பி. அது பேர மட்டும் எழுதிக் குடு.”

அவன் முகம் மாறியது. பேரெல்லாம் எதற்கு, ஏதாவது பேஜாரா என்று கேட்டான். அவளுக்கும் ஏதோ திருடவந்தவள் மாதிரி இருந்தது. ஆனாலும் நகராமல் நின்றாள். கடைசியில் ஒரு மாத்திரை அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தான்.

தறியில் ஆவணி முகூர்த்தப் புடவை முக்கால் வாசி முடிந்திருந்தது. முந்தி நெருங்க நெருங்க வலி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, நெய்கிற நேரத்தைப் பாதியாகக் குறைத்தாள். முதலாளி தினமும் போன் அடித்தார்.

மணவாளன் கெட்டவன் இல்லை, பயந்தவன். “இந்த ஒரு தபா போட்டுக்க சுபா. அப்பறம் உட்டுடலாம்.”

“ஒவ்வொரு தபாவும் இந்த ஒரு தபாதாங்க.”

மணவாளன் தன் தறியை நிறுத்திவிட்டு வந்து அவள் குழியில் இறங்கி முந்தியை அவனே நெய்து கொடுத்தான், முணுமுணுத்துக்கொண்டுதான். புடவை நான்கு நாள் தாமதமாகப் போனது. அடுத்த பாவு கொடுப்பேனா என்று தெரியாது என்றார் முதலாளி. அவள் அழுதாள். ஆனால் காலண்டரில் ‘அ’ எழுதி, பக்கத்தில் ‘ஊசி இல்லை’ என்றும் எழுதினாள்.

வேலூரில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கும்பிடாத சாமி இல்லை. ஊசியும் இல்லாமல் எண்ணும் இறங்காமல் போனால் என்ன செய்வது என்று நினைத்து, மறுபடி முதல் சாமியிலிருந்து ஆரம்பித்தாள். கூப்பிட்டார்கள். 1.9. டாக்டரம்மா என்ன செய்தாய் என்று கேட்டார். அவள் காலண்டர்களை மேஜைமேல் வைத்து, அட்டைத் துண்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டரம்மா பெயரைப் படித்தார். ‘அ’க்களின் மேல் விரலை ஓட்டினார். கிட்னிக்கு ஆகவே ஆகாத வலி மருந்து அது. “இத எத்தனை போட்டிருப்பீங்க?”

“எத்தனை பொடவை அறுத்தனோ அத்தனைங்க.”

“ஒவ்வொரு முறையும் கேட்டேனேம்மா, வேற மருந்து உண்டான்னு.”

“கேட்டீங்க. நான் இத மருந்துன்னே நெனைக்கலீங்க. பாவு, ஜரிகை மாதிரி இதுவும் பொடவைக்கு ஆவுறதுன்னு நெனைச்சிகினு இருந்தேன்.”

கெட்டது முழுவதும் திரும்பும் என்று சொல்ல முடியாது, இனி மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வலிக்கு வேறு வழி எழுதினார். அந்த ஊசியின் பெயரைச் சிவப்பு மையில் அவளுடைய பைலின் முதல் பக்கத்தில் எழுதி, கூடாது என்று கோடு போட்டார். சுபலட்சுமி அதை எழுத்துக்கூட்டி வாசித்து அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்திருக்காமல், அதையே தமிழில் தனிச் சீட்டுகளில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

“எத்தனை சீட்டும்மா?”

“பதினாலுங்க. எங்க தெருவுல அத்தனை பேர் போட்டுக்கறாங்க.”