ஒரே மூச்சில் நாலு மாடி

“இன்னும் ஒண்ணே ஒண்ணு!” என்று டிவிக்குள்ளிருந்து உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கத்தியதும் ஆம்புலன்ஸ் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்போல் முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருப்பார். தொடை இரண்டும் கிடுகிடுவென்று ஆடும். அந்த நிலையிலேயே பதில் கொடுப்பார்.

“இதைத்தான்டி அப்பலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்க. ஒண்ணே ஒண்ணுங்கிற, ஒரு டஜன் வாங்கிடுற. மீன் விக்கிறவகூட இப்படி ஏமாத்த மாட்டா!”

திட்டி முடிப்பதற்குள் அந்த ஒன்றையும் செய்து முடித்திருப்பார்.

டிவியில் வருகிறவளுக்கு உடம்பில் கிள்ளி எடுக்கக்கூடச் சதை கிடையாது. குதிப்பாள், தரையில் விழுவாள், விழுந்த வேகத்தில் எழுவாள். பேச்சில் மட்டும் மூச்சு இரைக்காது. அக்கா அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஒண்ணேஒண்ணு’. யாராவது ஃபோன் செய்தால், “அப்புறம் பேசுறேன், ஒண்ணேஒண்ணு வந்துட்டா” என்று வைத்துவிடுவார். வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறாள்போல என்று எதிர்முனையில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

சோபா சுவரோரம் ஒதுங்கியிருக்கும். டீப்பாய் சமையலறைக்குப் போயிருக்கும். தலைமுடி உச்சியில் கொண்டையாக ஏறியிருக்கும். உடம்பில் கணவரின் பழைய டீ-ஷர்ட், முதுகோடு ஒட்டிப்போய். அவர் குதிக்கும்போது கண்ணாடி அலமாரியில் உள்ள டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். கீழ் வீட்டில் டியூஷன் எடுக்கிறவர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். அக்கா குனிந்து தரையைப் பார்த்துச் சத்தம் போடுவார்: “முடிஞ்சிடுச்சு சார், இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்!”

நாற்பத்தேழு வயதில் இந்தக் கூத்து எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. பாதி வயதிலிருந்து அவர் ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறார். ஸ்ட்ரெச்சரைப் படியில் இறக்கும்போது கீழே இருப்பவர் கையில்தான் பாரம் முழுக்க வந்து உட்காரும். அந்த இடம் அக்காவுடையது. வண்டி ஓட்டுகிற தம்பி தலைமாட்டில், அக்கா கால்மாட்டில். பின்பக்கமாக, குதிகாலால் படியைத் துழாவி இறங்குவார். இறங்கும்போது நோயாளியின் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்க மாட்டார். “என்னைப் பாருங்க. அங்க இங்க பாக்காதீங்க, அங்க ஒண்ணும் இல்ல” என்பார். எவ்வளவு பயந்தவரும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுவிடுவார்.

இந்தத் தெம்பு எப்போது கழன்றுபோனது என்று அவருக்கே தெரியாது. கணவர் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். விடியற்காலையில் வேலை முடிந்து வரும்போது மீந்துபோன பன்களைத் துணிப்பையில் கொண்டுவருவார். டீயோடு ஒன்று, டியூட்டிக்குக் கிளம்பும்போது ஒன்று, வண்டியில் கொறிக்க இரண்டு. வருஷக்கணக்கில் அந்தப் பன்கள் எல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை அக்காவின் சீருடைப் பொத்தான்கள் சொல்லத் தொடங்கின. அவர் பொத்தானை நகர்த்தித் தைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள், இரண்டாவது மாடியிலிருந்து ஓர் அம்மாளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வயிற்று வலி. பெரிய கனம்கூட இல்லை. பாதி வழியில் அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொண்டையில் மூச்சு சிக்கிக்கொண்டது. “இறக்கு, இறக்கு” என்றார். திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் தரையில் தட்டென்று உட்கார்ந்தது. அந்த அம்மாள் வலியில் வீறிட்டுக் கத்தினார். கத்தி முடித்ததும், சுவரில் சாய்ந்து புஸ்புஸ்ஸென்று இரைத்துக்கொண்டிருந்த அக்காவை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏம்மா, உனக்கு ஏதாவது பண்ணுதா? நீ வேணா இதுல படுத்துக்கிறியா?”

நல்ல மனதோடுதான் கேட்டார். அதுதான் அக்காவைக் குத்தியது. அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது டிரைவர் தம்பி ரேடியோவைப் போட்டான். அக்கா அணைத்துவிட்டார்.

விஷயம் மேலே போயிற்று. சூப்பர்வைசர் மெல்லத்தான் ஆரம்பித்தார். “ஃபோன் எடுக்குற இடத்துல ஒரு சீட்டு காலியா இருக்கு. ஏசி ரூம். உட்கார்ந்த வேலை. இவ்வளவு வருஷம் ஓடியாச்சு, போதும்னு நினைக்கிறேன்.”

“உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டேன் சார்” என்றார் அக்கா. “எனக்கு என்னைத் தெரியும். மூணு மாசம் குடுங்க.”

“மூணு மாசத்துல என்ன ஆயிடும்?”

“ஒண்ணும் ஆகலைன்னா நானே வந்து அந்த சீட்ல உட்கார்ந்துக்கிறேன்.”

சூப்பர்வைசர் யோசித்தார். மூன்று மாதம் கழித்து, மணல் அடைத்த ஆளுயரப் பொம்மையை ஸ்ட்ரெச்சரில் வைத்து நாலு மாடி இறக்கும் சோதனை, அதுவரை தரைத்தள வேலை மட்டும் என்று முடிவானது.

டிவியில் அந்தப் பயிற்சியைப் போட்டுக் கொடுத்தவள் மகள். செல்ஃபோன் கடையில் வேலை செய்கிறவள். “அம்மா, இது ரொம்பக் கடுமையானது. வேற சாதாரணமானதா பாக்கலாம்” என்று அவள் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. அக்கா அதையே போடச் சொன்னார்.

முதல் நாள் பத்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கை ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக நிறுத்தச் சொன்னாள் ஒண்ணேஒண்ணு. அக்கா பலகையாகத்தான் ஆரம்பித்தார். நொடியில் ஈரத் துணிபோலத் தொப்பென்று படுத்துவிட்டார். படுத்தவர் எழவில்லை. மகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். “ஒண்ணும் இல்லடி. தரை சில்லுனு நல்லா இருக்கு” என்றார். மறுநாள் கழிவறையில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. கதவுக்கு வெளியே கணவரும் மகளும் யார் உள்ளே போவது என்று ரகசியக் குரலில் சண்டை போட்டார்கள். வேலையில் வண்டியின் படி ஏற டிரைவர் தம்பி கை கொடுத்துத் தூக்கினான். “அக்கா, நீங்க ஆம்புலன்ஸுக்கு வேலைக்கு வர்றீங்களா, சவாரிக்கு வர்றீங்களா?” என்று கேட்டான். முதுகில் ஒரு அறை வாங்கிக்கொண்டான்.

ஒரு மாதம் இப்படி உயிரைக் கொடுத்து ஆடிய பிறகு மருந்துக் கடை எடை இயந்திரத்தில் ஏறி நின்றார். முள் ஆடி ஆடி, ஏறக்குறைய பழைய இடத்திலேயே வந்து நின்றது. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். அதே இடம். வீட்டுக்கு வந்தார். துணிப்பையில் இருந்த பன்களை நின்றுகொண்டே ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றார். பிறகு அங்கேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். பகல் தூக்கத்திலிருந்த கணவர் சத்தம் கேட்டு எழுந்துவந்து வாசலில் நின்றார்.

“நாளையிலேர்ந்து ஃபோன் எடுக்கப் போறேங்க. ஹலோ ஹலோன்னு காலத்தை ஓட்டிடுறேன்.”

கணவர் பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். மகள்தான் வந்து பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “எடையை விடும்மா. முதல் வாரம் தரையிலேர்ந்து எந்திரிக்க எதைப் பிடிச்ச?”

“சோபாவை.”

“இப்ப எதைப் பிடிக்கிற?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். எதையும் பிடிப்பதில்லை. அது எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை. சோதித்துப் பார்ப்பதற்காக, உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மகள் கை தட்டினாள். “போடி” என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் விடிகாலை கணவர் துணிப்பை இல்லாமல் வந்தார். தோளில் ஒரு மாவு மூட்டை. தொம்மென்று நடு ஹாலில் போட்டார்.

“என்னங்க இது?”

“மணல். பேக்கரிப் பக்கத்துல கட்டடம் கட்டுறாங்க, கேட்டு வாங்கிட்டு வந்தேன். பன்னு இனிமே கிடையாது. இதைத் தூக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் கொண்டுவந்த பரிசுகளிலேயே இதுதான் உருப்படியானது என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறார்.

அதன்பின் வேகம் பிடித்தது. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். கட்டிப்பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். மூட்டை பழகிப்போனதும் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து மகளும் அக்காவுமாகப் படியில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கட்டடமே கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தது. டியூஷன் பிள்ளைகள் வரிசையாக நின்று சிரித்தார்கள்.

“நான் என்ன மூட்டையா?” என்று கணவர் இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“மூட்டை பேசாதுங்க. நீங்க பேசுறீங்க. அதான் கனமா இருக்கு.”

சோதனை நாளில் அக்கா மணல் பொம்மையை நாலு மாடியும் நிறுத்தாமல் இறக்கினார். மறுமுனையைப் பிடித்த டிரைவர் தம்பி கீழே வந்ததும் விசிலடித்தான். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையைக் குலுக்கினார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், அக்காவைத் தவிர. “பொம்மை கத்தாது சார்” என்று மட்டும் சொன்னார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கேட்ட அந்த அம்மாளின் வீறிடல் அவர் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரமே அழைப்பு வந்தது. நாலாவது மாடி. லிஃப்ட் பழுது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார் ஒரு பெரியவர், ரயிலில் கொடி காட்டும் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். கதவு நிலை அளவுக்கு அகலமான மனிதர். டிரைவர் தம்பி அவரைப் பார்த்தான், படியைப் பார்த்தான், அக்காவின் காதருகே வந்தான்.

“அக்கா, இன்னொரு வண்டியைக் கூப்பிடலாமா? நாலு பேர் இருந்தா...”

“அவங்க வர்ற வரைக்கும் இவர் இப்படியே கிடப்பாரா? தொட்டாலே துடிக்கிறார். நடுவுல இறக்கி ஏத்துனா உயிர் போயிடும். ஒரே மூச்சா போயிடலாம், பிடி.”

ஸ்ட்ரெச்சரில் பட்டையை இறுக்கும்போது பெரியவரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: “ஏம்மா, இது நின்னு நின்னு போற வண்டியா?”

“எக்ஸ்பிரஸ்ப்பா. நடுவுல எந்த ஸ்டேஷனும் கிடையாது. நீங்க என்னை மட்டும் பாருங்க.”

“அப்ப ரைட்” என்றார் கார்டு.

அக்கா பின்பக்கமாக முதல் படியில் கால் வைத்தார். பாரம் கையில் வந்து இறங்கியது. தோளுக்கு ஏறியது. தொடைக்குப் போனது. தொடை வாங்கிக்கொண்டது. மூன்றாவது மாடி. பெரியவரின் கண் அக்காவின் கண்ணில் இருந்தது. அவர் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூட்டு வலியோடு, ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். இரண்டாவது மாடித் திருப்பம். எல்லாத் திருப்பங்களையும்போலவே குறுகலானது. அக்காவின் முதுகு சுவரில் உரசியது. அங்கேதான் மேலிருந்து தம்பியின் குரல் வந்தது, இரைப்போடு.

“அக்கா... கொஞ்சம் இறக்கலாமா?”

“கை வழுக்குதா, மூச்சு வாங்குதா?”

“மூச்சுதான்க்கா.”

“அப்ப வாங்கிக்கிட்டே வா.”

வலிக்கு நடுவே பெரியவர் சிரித்துவிட்டார். சிரித்ததில் வலித்தது, வலித்ததைச் சொல்லி மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்போடு முதல் மாடி கடந்துபோனது. கடைசிப் படி, வாசல், வெயில். வண்டிக்குள் ஸ்ட்ரெச்சர் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஒரு தட்டல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. டிரைவர் தம்பி முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தான். அக்கா தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். வேகமாகத்தான் அடித்தது, ஆனால் ஒழுங்காக அடித்தது. மூன்று மாதம் அந்த ஒல்லிக்காரியைத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து, “நல்லா இருடி” என்றார் வாய்க்குள்.

பெரியவரின் மனைவி இன்னும் வந்துசேரவில்லை. இரண்டாவது மாடியில் அவர் மெல்ல இறங்குவது ஜன்னல் வழியே தெரிந்தது. அதுவரை கிளம்ப முடியாது.

அக்கா பெரியவரின் வெறும் பாதங்களைப் பார்த்தார். டிரைவர் தம்பியிடம், “இவரைப் பாத்துக்கோ, வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மேலே ஓடினார். எதிரே இறங்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஏதோ கேட்டுச் சாவியை வாங்கினார். நாலாவது மாடியில் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் வண்டியருகே வந்து சேர்வதற்கும், அக்கா சாவியோடு கீழே வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. கையில் ஒரு ஜோடித் தோல் செருப்பு, தேய்ந்த குதிகால்.

“இப்ப செருப்பு எதுக்கும்மா? அவரால நடக்க முடியாதே” என்றார் அந்த அம்மாள்.

அக்கா அவரைக் கைத்தாங்கலாக வண்டிக்குள் ஏற்றி உட்காரவைத்தார். பிறகு குனிந்து, ஸ்ட்ரெச்சருக்குக் கீழே அந்தச் செருப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில், முன்பக்கம் கதவைப் பார்க்கும்படி வைத்தார்.