கன்சாக்குவுக்கு இனே சொன்ன செபம்

கொத்தோ தீவின் அந்த மீனவ ஊரில் இனேவிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது.

ஊரே ரகசியமாக ஏசுவைக் கும்பிட்டது. தெரிந்தால் தலை போகும். யார் செத்தாலும் புத்த பிக்கு வந்து மந்திரம் ஓத வேண்டும் என்பது சட்டம். ஓதட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அடுத்த அறையில் ஒருவர் மறைந்திருந்து, அந்த மந்திரம் பிணத்தில் ஒட்டாதபடி செபம் சொல்லி அழிப்பார். பிக்குவின் மணியோசையில் அது வெளியே கேட்காது. செபம் பாதியில் நின்றால் போகிற உயிர் மோட்சம் சேராது என்று நம்பினார்கள்.

இனேவின் புருஷன் கன்சாக்கு காய்ச்சலில் போனான். செபம் சொல்கிறவரோ ஏற்கெனவே சிறையில். போதாக்குறைக்கு, பிக்குவோடு ஓர் அதிகாரியும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

கொழுந்தன் கொன்ரொக்கு கெஞ்சினான். “இந்தத் தடவை விட்டுடலாம் அண்ணி.”

“உங்கண்ணன் உள்ளூர்லயே வழி தெரியாம சுத்துன ஆளு. மோட்சத்துக்குத் தனியா போகச் சொல்றியா?”

“பொம்பளை சொன்னா செல்லுமா?”

“அப்ப நீ வந்து சொல்லு.”

அவன் ஓரடி பின்வாங்கினான். இனே அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதிகாரிக்கு என்ன அவசரமோ, பிக்குவைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னான். மணி நின்றது. வீட்டில் இனேவின் குரல் மட்டும் கேட்டது. செபத்தில் இன்னும் பாதி இருந்தது. அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அதிகாரி கதவைத் திறந்து அவள் முன்னால் வந்து நின்றான். அவளோ கண்ணை மூடியபடி, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டுதான் எழுந்தாள். எந்த நெஞ்சில் இவ்வளவு துணிவு இருக்கும்? இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

“துக்கத்துல புலம்புறாங்க ஐயா,” என்றான் கொன்ரொக்கு.

சாவு வீடாயிற்றே என்று அதிகாரிக்கே மனம் இளகியது. “புலம்புனியாம்மா?”

தலையை ஆட்டினால் போதும், உயிர் தப்பும்.

“இல்லீங்க. ஏசுசாமிகிட்ட செபம் சொன்னேன்.”

“யாரு சொல்லிக் குடுத்தது?”

முற்றத்தில் ஊரே நின்றது. இனே பிணத்தைக் காட்டினாள்.

“இவருதான். வேணும்னா எழுப்பிக் கேளுங்க.”

கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். சிறையில் எவ்வளவு வதைத்தும் வேறொரு பெயர் அவளிடமிருந்து வரவில்லை. ஊரில் ஒருவர் மேலும் கை விழவில்லை.

அவள் செத்துப்போன செய்திதான் வந்தது, உடல் வரவில்லை. அன்று கொன்ரொக்கு தன் வீட்டு நடு அறையில் மண்டியிட்டு, பட்டப்பகலில், கதவைச் சாத்தாமல், அண்ணிக்காகச் செபத்தைக் கடைசிவரை சொன்னான்.