தேயிலை மூக்கும் அறுபத்து மூன்று அத்தர் குப்பிகளும்

"இருபத்தேழு வருஷமா என் மூக்குக்குள்ள நீ அத்தரை ஊத்திக்கிட்டே இருந்தா, அது என்னட்டி செய்யும்? செத்துத்தான் போகும்!"

என் வீட்டுக்காரர் போன மாதம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது இது. அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கோபத்தில் எனக்கும் தெரியவில்லை. "ஊத்தலை, தொட்டுத்தான் வெச்சேன். அதுவும் நீங்க வீட்டுல இல்லாத நேரமாப் பாத்து. காய்ச்சல் வந்து மூக்கு போனதுக்கு நான் கொலைகாரியா?" என்றேன். கருகிய தோசையை அவர் தட்டிலேயே போட்டேன். அதையும் முழுசாகச் சாப்பிட்டார்.

அத்தர் சேர்ப்பதும் வீட்டு வேலை மாதிரிதான். நாள் முழுக்கச் செய்தாலும் யாரும் அதை ஒரு வேலையாக ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மூக்கை வைத்துப் பிழைப்பவரைக் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இவர் திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு மொத்தத் தேயிலை வியாபாரியிடம் தேயிலை ருசி பார்க்கிறவர். பொன்முடியிலிருந்தும் மற்ற எஸ்டேட்டுகளிலிருந்தும் வரும் சாம்பிள்களை வரிசையாக வெள்ளைக் கப்புகளில் ஊற்றி, மோந்து, சர்ரென்று உறிஞ்சி, துப்பி, எதோடு எதைக் கலக்கலாம் என்று சொல்வார். மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. கடை முதலாளி நல்ல பையன்தான். "ஓணம் கழியட்டும் அண்ணாச்சி. அதுக்குள்ள மூக்கு வந்தா உங்க நாற்காலி உங்களுக்கு. வரலேன்னா என் மச்சினனை உக்கார வைக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

குற்றவாளி காய்ச்சலா, என் குப்பிகளா? அலமாரியில் புடவைக்கு அடியில் குப்பி ஒளித்து வைத்திருக்கும் என் இனத்தாரே, வழக்கை முதலிலிருந்து சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

மீசை வைத்த சிஸ்டர்

கல்யாணமான மறுநாள் காலை, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு இவருக்குக் காபி கொண்டுபோனேன். மனுஷன் தம்ளரைத் தொடவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, "எனக்கு இன்னைக்கு முப்பது கப் இருக்கு. நான் போன பிறகு பூ வெச்சுக்கிடேன்" என்றார். புதுப்பெண்டாட்டியிடம் இப்படிச் சொன்ன ஆம்பிளையை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வீட்டில் வாசனை சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது. ஊதுபத்திக்குக்கூட சாமி ஒன்பது மணி வரை காத்திருக்க வேண்டும். கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர், காலை வரிசையில் ஒவ்வொருத்தி கழுத்தையும் மோந்து பார்த்து, பவுடர் போட்டவளை முகம் கழுவ அனுப்புவார். பத்து வருஷம் அதற்கு பயந்து படித்து வெளியே வந்தால், இங்கே மீசை வைத்த இன்னொரு சிஸ்டர்.

அந்த வீம்பில்தான் சாலை பஜாருக்குப் போனேன். இவர் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சந்தில், ஆள் ஒருக்களித்து நுழைகிற அத்தர்க் கடை. கடைக்காரர் பாய், கண்ணாடிக் குச்சியால் என் மணிக்கட்டில் சம்பங்கி அத்தரை ஒரு பொட்டு வைத்தார். நான் வழக்கம்போல் பொறுமையில்லாமல் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பரபரவென்று தேய்த்தேன். பாய் பதறிவிட்டார். "தேய்க்காதீங்கம்மா! அத்தர் என்ன, அடிப்பிடிச்ச சட்டியா?"

டப்பா மாறிய கதை

அன்றிலிருந்து எனக்கு ஆபீஸ் நேரம் வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு இவர் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினதும் பூசுவேன். நாலரைக்குப் பயத்தம்மாவு தேய்த்துக் குளித்துவிடுவேன். குப்பிகளை வைக்கத்தான் இடம் இல்லை. இவர் வீட்டுக்குக் கொண்டுவரும் காலித் தேயிலை டப்பாக்களுக்கு மூடி நன்றாக இறுகும். ஒரு டப்பாவுக்கு நாலு குப்பி, நடுவில் பஞ்சு. உலகத்திலேயே புத்திசாலி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை இவர் எஸ்டேட்டுக்குப் போயிருந்த நாளில், கூட வேலை செய்யும் பிஜு காலி டப்பாக்களைக் கேட்டு வந்தார். பத்து டப்பாவை அடுக்கிக் கொடுத்தேன். அதில் ஒன்று, மல்லிகைக் குப்பியை அப்போதுதான் நான் வேறு இடத்துக்கு மாற்றிய டப்பா. தேயிலையைப் போல வாசனையைக் குடிக்கிற பொருள் உலகத்தில் இல்லை, பெரியவர்கள் பேச்சைக் கேட்டு நிற்கும் குழந்தை மாதிரி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்து அந்த டப்பாவில் போட்ட சாம்பிளைக் கொதிக்கவைத்து, இப்போதைய முதலாளியின் அப்பாவுக்குக் கொடுத்தார்கள். பெரியவர் ஒரு வாய் உறிஞ்சி, துப்பவும் மறந்து, இவரைப் பார்த்துக் கேட்டாராம்: "பொன்முடியில இப்ப தேயிலைக்கு நடுவே மல்லிகையும் நடுதாங்களாவே?"

மாமாவின் முட்டி

டப்பாவுக்குத் தடை விழுந்ததால் குப்பிகள் மருந்து அலமாரிக்குக் குடிபோயின. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு வீடு, குழம்பு என்று இங்கே சொல்லும் ஆயுர்வேதப் பூச்சு மருந்தும் தைலமும் வரிசை கட்டி நிற்குமே, அந்த அலமாரிதான். அங்கே என் குப்பிகளை நிறுத்தினால் போலீஸ்காரருக்கே கண்டுபிடிக்க முடியாது. மாமனாருக்கும் முடியவில்லை. கண்ணாடி போடாமல் கைக்கு வந்த குப்பியை எடுத்து, முட்டியில் நன்றாகச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார்.

நான் மூன்று மாதம் மனசுக்குள் ஜபம் செய்து வாங்கிய ஊத் அத்தர் அது. அகில் கட்டையிலிருந்து எடுப்பது. ஒரு சொட்டை மூன்று நாளைக்கு வைத்துக்கொள்வேன். மாமா அரைக் குப்பியை ஒரே முட்டிக்குக் கொடுத்துவிட்டு, கால் நீட்டி நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அழுவதா சிரிப்பதா என்று நான் நிற்கையில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, பழைய குழம்பைவிட இது நல்லாக் கேக்கு. வைத்தியர்ட்ட இனிமே இதையே எழுதச் சொல்லு."

டிக்கட் எடுக்காத பயணி

ஒரு நாள் கிழக்கேகோட்டையில் கழக்கூட்டம் பஸ் ஏறினேன். அன்றைக்குத் தாழம்பூ அத்தர். குப்பி மூடி லூசாகிக் கைப்பைக்குள் கொட்டியதை நான் கவனிக்கவில்லை. எனக்குப் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே இருந்தது. மழை, அதனால் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. பட்டம் ஸ்டாப்பில் நான் இறங்கும்போது பெண் கண்டக்டர், மணிக் கயிற்றைப் பிடித்தபடி பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "சேச்சி இறங்ஙியாச்சு. மணம் மாத்ரம் டிக்கட் எடுக்காம கழக்கூட்டம் வரை வரும், கேட்டோ!"

அவர் ஒன்றும் சொல்லாத நாள்

நான் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் இவர் கண்டுபிடித்துவிடுவார் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டைத் திறக்கும்போதே, "இன்னைக்கு சம்பங்கி. இடது முழங்கை மடிப்பைக் கழுவாம விட்டுட்டே" என்பார். எரிச்சலாக வரும். எனக்கே லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். அறுபத்து மூன்றையும் சேர்த்தவள் நான், ஒவ்வொன்றையும் முகம் பார்க்காமலே அடையாளம் சொல்கிறவர் அவர்.

காய்ச்சல் விட்டு அவர் வேலைக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் நாள், மத்தியானம் தூங்கிப்போய்விட்டேன். கண் விழித்தால் இவர் வாசலில் நிற்கிறார். என் மேல் ஊத். ஆள் வருவதற்கு முன்னால் தெருமுனைக்கு வந்து நிற்கும் ஊத்! சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார், காபி குடித்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார். வயசானால் மனுஷன் கனிவான் என்பது சரிதான் என்று ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் பிஜு போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. "சேச்சி, தப்பா நினைக்க வேண்டா. பூஞ்சை பிடிச்ச சாம்பிளை மோந்து பார்த்துட்டு, சார் 'ஒண்ணாந்தரம்'னு எழுதி வெச்சிருக்கார்."

நாலு மதி

அப்புறம்தான் முதலாளியின் கெடு, அப்புறம்தான் அந்தக் கருகிய தோசைச் சண்டை. சண்டையில் நான் தோற்கவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே குப்பிகளை எல்லாம் பழைய புடவையில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினேன், பாய்க்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. யாருக்குத் தெரியும்? இருபத்தேழு வருஷம் என்பது கொஞ்ச நாளா? சொட்டுச் சொட்டாக நான்தான் அந்த மூக்கைத் தேய்த்துவிட்டேனோ?

மூக்கு டாக்டரிடம் இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "டாக்டர், அத்தரால மூக்கு போகுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் டாக்டர் சிரித்துவிட்டு, காய்ச்சல்தான் காரணம் என்றார். பலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு நாளாகும், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மூக்குக்கும் பயிற்சி உண்டாம். எலுமிச்சை, ரோஜா, கிராம்பு, யூகலிப்டஸ், நாலு வாசனை எண்ணெய்களைக் காலையும் மாலையும் இருபது வினாடி மோந்து, அந்த வாசனையை மனசுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். "வாசனை எண்ணெய் வீட்டுல ஏதாவது உண்டோ?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். "அறுபத்து மூணு இருக்கு டாக்டர்" என்றேன். டாக்டர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "அம்மா, நாலு போதும். நாலு மதி."

காலை ஆறரை

அட்டைப்பெட்டியை அவிழ்த்து ரோஜாவையும் கிராம்பையும் எடுத்தேன். மற்ற இரண்டையும் பாய் கொடுத்தார். தினமும் காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேஜையில் நாலு குப்பியையும் வரிசையாக வைக்கிறேன், அவர் கடையில் கப்புகளை அடுக்குவதுபோல. லேபிள் தெரியாமல் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மூக்குக்குக் கீழே பிடிக்கிறேன். "இல்ல" என்பார். அடுத்தது, "இல்ல." ரேஷன் கடைக்காரர்கூட இவ்வளவு சீக்கிரம் இல்லை என்று சொல்ல மாட்டார். இடையில் ஒரு நாள், "இப்பத்தான் ஒரு தடையும் இல்லையே, நீ எப்ப வேணும்னாலும் பூசிக்கிடலாம்" என்றார். பூசிப் பார்த்தேன், காலை ஆறு மணிக்கே. யாருக்கோ எழுதிய கடிதத்தை நானே படித்துக்கொள்வதுபோல இருந்தது. கழுவிவிட்டேன்.

இதோ ஓணத்தின் முதல் நாளான அத்தம் பிறந்துவிட்டது. எதிர் வீட்டு வாசலில் பூக்களம் போட ஆரம்பித்துவிட்டார்கள். திருவோணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். முதலாளியின் மச்சினன் நாற்காலிக்குப் புது மெத்தை வாங்கிவிட்டதாக பிஜு சொல்கிறார். இவர் கேட்டுக்கொண்டு பேப்பரைப் புரட்டுகிறார். இருபத்தேழு வருஷம் வாசனைக்கு பயந்து என்னை விட்டு எட்டி நின்ற மனுஷனை வீடு முழுக்கக் குப்பியோடு துரத்துவதற்குப் பெயர்தான் இல்லறம் என்றால், கான்வென்டில் அதற்கும் ஒரு பீரியட் வைத்திருக்கலாம்.

இன்று காலையும் முதல் குப்பிக்கு "இல்ல." இரண்டாவதற்கு "இல்ல." மூன்றாவதைப் பிடித்தேன். வழக்கமான அந்த வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினார். இருபது வினாடி ஆயிற்று, முப்பது ஆயிற்று. புருவத்துக்கு நடுவில் ஒரு கோடு விழுந்தது. பொறுமைக்கும் எனக்கும் எப்போதும் ஆகாது, ஆனாலும் கையை அசைக்காமல் நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. வழியட்டும்.

"ஏங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல. ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க."