அக்கா உட்காரும் சீட்

மாமா வாங்கிய சின்ன கார் எனக்குப் பிடித்திருந்தது. அதில் அவரும் இருந்ததுதான் பிடிக்கவில்லை. மாமா என்றால் அக்கா புருஷன். காலையில் படப்பையிலிருந்து ஒரகடத்துக்கு மூவரும் அதில்தான் வேலைக்குப் போவோம். அவர் ஓட்டுவார், பக்கத்தில் அக்கா, பின்னால் நான். வழியெல்லாம் மாமாவின் புலம்பல். ஆறு ஏர்பேக் யார் கேட்டது, பாதுகாப்பு விதி என்று சொல்லி எதை எதையோ தலையில் கட்டுகிறார்கள், எடை ஏறுகிறது, மைலேஜ் போகிறது, காசு கொடுத்தவனுக்கு ஒரு உரிமையும் இல்லை.

எடைக்கும் மைலேஜுக்கும் உள்ள கணக்கை அவர் சொல்லியா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? நான் கார் பைத்தியம். எடை குறைந்த வண்டிகளைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் சாப்பாடு மறந்துபோகும். பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்துவது எனக்கும்தான் எரிச்சல். அதனால் ஆரம்பத்தில் அவர் பக்கமே பேசினேன். ஆனால் ஏர்பேக்கின் எடைக்கு அழுத அதே மனிதர், அடுத்த வாரமே முன்னால் இரும்புக் கம்பி, டிக்கியில் பெரிய ஸ்பீக்கர், சீட்டுக்கெல்லாம் தடித்த ரெக்ஸின் கவர் என்று மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

கவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சீட் தயாரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் முதுகுக்குள் இருக்கும். மோதினால் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்கென்றே சட்டென்று அறுகிற நூலில் தைக்கிறோம். எங்கள் லைனில் அதைச் சோதித்து அனுப்புவது நான். அந்தத் தையல் மேல்தான் இவர் உறையை இறுக்கியிருந்தார்.

இந்தக் கவர் இருந்தால் பை வெளியே வராது என்று மறுநாள் காரிலேயே சொன்னேன். கவர் மாட்டிய கடைக்காரர் வருஷக்கணக்காக இதைத்தான் போடுகிறாராம், ஒருத்தரும் செத்ததில்லையாம் என்றார் மாமா.

"வண்டி என்னுது, சீட்டும் என்னுது. உன் கம்பெனி ரூல்ஸ அங்க வாசலாண்டயே வுட்டுட்டு வா மச்சான்."

"உங்க உசுரு உங்க இஷ்டம் மாமா. அக்கா உசுர யாரு உங்களுக்கு எழுதிக் குடுத்தது?"

ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கு என்றார். ஓசி சவாரிக்கு வாய் வேறு என்றார். நான் அவர் படிப்பை இழுத்தேன், அவர் என் சம்பளத்தை இழுத்தார். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின.

அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

"அவரு என் வண்டின்றாரு, நீ என் தையலுன்ற. அதுல குந்தினு வர்றது நானு. என்னாண்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பிறகு, கவர் இல்லாவிட்டால் பை ஒழுங்காக வெளியே வருமா என்று என்னிடம் கேட்டாள். வரும் என்றேன். அங்கேயே குனிந்து, சீட்டுக்கு அடியில் கை விட்டு, கொக்கிகளைக் கழற்றி, கவரை உருவி என் மடியில் எறிந்தாள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

"வண்டிய எடுங்க. ஷிப்டுக்கு லேட் ஆவுது."

மாமா தன் சீட் கவரைத் தொடவில்லை. அவளும் கேட்கவில்லை. அதையும் கழற்றச் சொல்ல நான் வாயைத் திறந்தபோது திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

இன்றும் அந்தக் காரில்தான் போகிறோம். மாமாவும் நானும் பேசுவதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் பளபளக்கும் ரெக்ஸினை ஒரகடம் வரை முறைத்துக்கொண்டே போகிறேன்.