மாடியிலிருந்து வரும் பெயர்

டக்!

மாடிக் கைப்பிடியில் விசிறிக்கட்டை தட்டுகிற சத்தம். கீழே ஆண்கள் பக்கத்தில் தலைவர் ஜைமி நாஹோன் வாசித்துக்கொண்டிருந்த அறிவிப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறான். பெண்கள் மாடியின் முன்வரிசையிலிருந்து டோனா சோல் ஒஹானா குரல் கொடுக்கிறாள். "கல்யாணம் மூத்தவளுக்கு இல்லப்பா, ரெண்டாவது பொண்ணுக்கு! மூத்தவளுக்குப் போன வருஷமே ஆயாச்சு. அவ புருஷன் உன் மூக்குக்கு முன்னாலதான் உட்கார்ந்திருக்கான், கண்ணைத் தொறந்து பாரு!"

பெலேன் நகரத்து யூதர்களின் இந்தச் சின்ன ஜெப ஆலயத்தில் சனிக்கிழமைச் செய்திகள் இரண்டு முறை கேட்கும். கீழிருந்து தப்பாக ஒரு முறை, மேலிருந்து சரியாக ஒரு முறை.

நோயாளிகளுக்கான வேண்டுதல் வந்தால் சோல் இல்லாமல் ஒன்றும் நகராது. அதில் தகப்பன் பெயர் செல்லாது. இன்ன தாயின் பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். எவனுக்கு எந்தத் தெருவில் கடை என்பது ஆண்களுக்குத் தெரியும். எவனைப் பெற்றவள் யார் என்பது தெரியாது. ஜைமி, "மோய்செஸ்..." என்று இழுத்துக்கொண்டே மேலே பார்ப்பான். "எஸ்த்ரெயா மகன்!" என்று பதில் விழும்.

சந்தைக்குப் பக்கத்தில் அவளுக்குத் திரைத்துணிக் கடை. குள்ள உருவம், கனத்த கைகள், பக்கத்தில் நின்றால் தும்மல் வரவழைக்கிற வாசனைத் தைலம். "எனக்கா? எனக்குக் கோபமே வராது" என்பாள். சொல்லும்போதே கையிலிருக்கும் துணி 'டர்ர்' என்று கிழியும். துணி வாங்க வந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றுகொள்வார்கள்.

அந்தக் கோபம் பஸ்கா பண்டிகையிலிருந்து ஒரே இடத்தில் நின்று எரிகிறது. அதற்குப் பெயர் சிம்ஹா.

எண்பது தாண்டிய கிழவி சிம்ஹாவுக்கு மூட்டு இரண்டும் போய்விட்டது. மாடிப்படி ஏற முடியாது. கீழே உட்காரக் கூடாது, கீழே ஆண்கள் இடம். அதனால் அவள் கேட்டுக்கு உள்பக்கம், காவல்காரன் கூண்டுக்குப் பக்கத்தில், மாமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே தோரா வேதம் வாசிப்பது காதில் விழாது. புதிதாக மாட்டிய ஏசியின் வெளிப்பெட்டி இரைவதுதான் கேட்கும். மழை பிடித்துக்கொண்டால் காவல்காரன் குடை பிடிப்பான். சின்ன வயசிலிருந்து இந்த ஆலயத்துக்கு வருகிறவளுக்குக் கிடைத்த இடம் அது. கேட்டால் வயிறு எரியாதா?

சோல் தன் கடைத் துணியிலேயே ஒரு திரை தைத்துக் கொண்டுவந்தாள். கீழே கடைசி மூலையை மறைத்து நாலு நாற்காலி போட்டால் போதும். படியேற முடியாத கிழவிகள் அங்கே உட்காரலாம்.

"நல்ல யோசனைங்க, டோனா சோல். அடுத்த கமிட்டியில பேசிடலாம்" என்றான் ஜைமி.

அடுத்த கமிட்டியில், அதற்கடுத்த கமிட்டி என்றான். ஏசி கொடுத்தவருக்கு நன்றி சொல்ல மூன்று சனிக்கிழமை செலவழிந்தது. போன கமிட்டியில், "பண்டிகையெல்லாம் முடியட்டுமேங்க" என்றான்.

"முடியட்டும், முடியட்டும். அவளும் முடிஞ்சுடுவா. அப்புறம் உனக்கு நாற்காலியும் மிச்சம், திரையும் மிச்சம். அந்தத் திரையை நீயே போத்திக்கிட்டுத் தூங்கு!" கதவை அவள் சாத்திய சாத்தலில் சுவரில் இருந்த பழைய தலைவர்களின் படங்கள் ஆடின.

வெள்ளிக்கிழமை காலை வேறொரு செய்தி வந்தது. ஜைமியின் அம்மா ரெய்னா குளியலறையில் விழுந்து தலையில் அடி. பேச்சே இல்லை. ஒரு தூக்கு நிறையக் கோழிச்சாறோடு ஆஸ்பத்திரிக்கு முதலில் போய் நின்றவள் சோல்தான். காவலிருந்த மருமகளைச் சாப்பிட வைத்துவிட்டு வந்தாள். அது வேறு, கோபம் வேறு.

சனிக்கிழமை அவள் மாடியேறவில்லை. நேராக மாமரத்தடிக்குப் போய், சிம்ஹாவுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். பின்னால் வந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு பொருளாளர் மனைவியும் பட்டுப் பாவாடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மாடி காலி.

"அடியே சோல், எனக்காக எதுக்குடி இந்த வம்பு?" என்றாள் சிம்ஹா.

"உனக்காக யாரு வந்தா? மேல ஒரே புழுக்கம்."

உள்ளே வேண்டுதல் நேரம் வந்தது. ஜைமி மேடையருகில் நின்று, "ரெய்னா..." என்று இழுத்தான். பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தான். மேலே வெறும் பெஞ்சுகள்.

அம்மாவைப் பெற்றவள் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அவள் 'பீபி பாட்டி'. ஊருக்கே பீபி. ஐம்பத்தைந்து வயது வரை நிஜப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

"தெரியலேன்னா, நம்ம எல்லாருக்கும் ஆதித் தாயான சாரா மகள்னு சொல்லலாம், தப்பில்லை" என்று ஆலயப் பாடகர் காதோரம் கிசுகிசுத்தார்.

"எங்கம்மாவுக்கு நான் யாரோ ஒரு பேரைச் சொல்றதா?" என்றான் ஜைமி. தோளில் கிடந்த வழிபாட்டுச் சால்வை சரியச் சரிய வெளியே ஓடிவந்தான்.

"டோனா சோல்! பீபி பாட்டியோட பேரு... நிஜப் பேரு என்னங்க?"

சோல் விசிறுவதை நிறுத்தினாள். "எனக்குத் தெரியாதுப்பா. நான் மனாவுஸ்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவ. உங்கம்மா கூடச் சின்ன வயசுல பாண்டி ஆடினவ இதோ இருக்கா. அவளைக் கேளு."

பஸ்காவிலிருந்து வாராவாரம் இந்த நாற்காலியைத் தாண்டித்தான் ஜைமி உள்ளே போயிருக்கிறான். இப்போதுதான் குனிந்தான்.

"டேய் ஜைமி, உனக்குத் தெரியாதாடா?" சிம்ஹாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்டா ரெய்னா. உன் பாட்டி பேரு..." என்று வாயைத் திறந்தாள்.

"இங்க சொல்லாதே. வேண்டுதல் இங்கேயா நடக்குது?" என்றாள் சோல். "எழுந்திரு."

சிம்ஹாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். நாற்காலியில் ஒட்டியிருந்த மாவிலையை விசிறியால் தட்டிவிட்டாள். பிறகு ஒரு கையால் அந்த நாற்காலியைத் தூக்கி, ஜைமியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.