தாய்மாமன் மடி

அக்கா மகளுக்குக் காதுகுத்து. குலசாமி கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு ஒரே தம்பி நான். கல்லூரியில் படிக்கும்போதே இயேசுவை ஏற்றுக்கொண்டவன். அடுத்த மாதம் எனக்கு ஞானஸ்நானம்.

திருநகரில் ஒரு வீட்டு மாடியில் வாரந்தோறும் கூடி வேதம் படிப்போம். அதை நடத்துகிற அண்ணனிடம், போகலாமா என்று கேட்டேன். கண்டிப்பானவர்தான். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டு வந்தவரும் அவர்தான்.

"சிலுவையை எடுத்துக்கிட்டு வான்னாரு ஆண்டவர், தம்பி. விசேஷத்துக்கு லீவு உண்டுன்னு சொல்லல. நீங்க போனா ஞானஸ்நானத்தத் தள்ளித்தான் வைக்கணும்."

அக்காவிடம் ஃபோனில் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "நகைக்கடையிலயே குத்திரலாம்க்கா."

"அங்க யாரு மடியில உக்கார வைக்க? கடைக்காரன் மடியிலயா?" என்றாள். பிறகு, "நீ சாமி கும்பிட வேணாம்டா. துன்னூறு பூச வேணாம். மடிய மட்டும் குடு."

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் களை எடுக்கப் போனாள். எங்கள் வீட்டில் படிப்பு என்னோடுதான் தொடங்கியது. அதைச் சொல்லிக்காட்டி அவள் எதையும் கேட்டதில்லை.

வேதத்தைப் புரட்டினேன். ராஜாக்கள் புத்தகத்தில், குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் ஒருவன் வருகிறான். இனிக் கர்த்தரை மட்டுமே வணங்குவேன் என்கிறவன், கூடவே ஒன்று கேட்கிறான். என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு தன் சாமி கோயிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, கர்த்தர் மன்னிப்பாரா? தீர்க்கதரிசி அவனைத் திட்டவில்லை. சமாதானமாய்ப் போகச் சொல்கிறார்.

வாசித்ததும் அழுகை வந்தது. பின்னாலேயே சந்தேகமும் வந்தது. எனக்கு வேண்டிய பதிலை நானே தேடிப் பிடித்துவிட்டு, கர்த்தர் பேசினார் என்கிறேனா?

போனேன்.

"வாங்க மாப்ள, ஒங்க ஆண்டவர்ட்ட பெர்மிஷன் வாங்கியாச்சா?" என்றார் மச்சான். பரவை மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர், குரல் கோயில் முழுக்கக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆசாரி கம்பியை எடுத்ததும் பிள்ளை என் சட்டையை இறுக்கிப் பிடித்தது. மொட்டைத் தலைச் சந்தனம் நெஞ்சில் ஒட்டியது. குத்தி முடித்ததும் பூசாரி திருநீற்றுத் தட்டோடு என் பக்கம் குனிந்தார். பச்சைச் சீலை கட்டியிருந்த அக்கா குறுக்கே வந்து நெற்றியை நீட்டினாள். "அவனுக்கு வேணாம் சாமி. அவனுக்கும் சேத்து எனக்கே பூசுங்க."

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் நானே சொன்னேன். தோளில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். பிறகு, "இந்தத் தடவ வேணாம் தம்பி" என்றார். அவர்மேல் கோபமில்லை. ஆனாலும் அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள்.

"தண்ணியில முக்குவாகன்னு சொன்னேல்ல, அது என்னைக்குடா? மாமியாட்ட சொல்லிட்டேன், நானும் வாரேன். நீ எனக்காக வந்தேல்ல."

"தேதி தெரியட்டும்க்கா."

"வெள்ளச் சீலதான் கட்டணுமாமே? புருசன் இருக்கையில வெள்ளயக் கட்டுனா மாமியா கத்துவாகளேடா."

"எந்தக் கலர்னாலும் கட்டலாம்க்கா" என்றேன்.




"அப்ப அந்தப் பச்சையவே கட்டிட்டு வாரேன்" என்று வைத்துவிட்டாள்.