என் வயல் வெட்டுக்கிளி

வட்டக்கச்சியில், பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் ஒரு பச்சோந்தி வளர்த்தேன். நுளம்பு வலையால் கூடு கட்டி, இலைகளில் தண்ணீர் தெளித்து, உயிரோடு வெட்டுக்கிளி பிடித்துக் கொடுப்பேன். என் வயலில் வேலை செய்த முருகையா மட்டும், "விட்டுடுங்க ஐயா, கூட்டுக்குள்ள செத்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் காலை அது கறுத்து, வாய் பிளந்து, வாலால் தொங்கியது. எனக்கு விசர் பிடித்தது.

"சாகும், சாகும் எண்டு சொல்லிப்போட்டு நீதானேடா நஞ்சு வைச்சனி?"

மண்வெட்டிப் பிடியால் அடித்தேன். நெற்றி பிளந்தது. விழுந்தவனை மறுபடியும் அடித்தேன்.

கண்ணில் இரத்தம் வடிய அவன் கேட்டான். "நேத்து வெட்டுக்கிளி எங்க புடிச்சீங்க, ஐயா?"

"என்ர வயலிலதான்."

"அங்கதானே நேத்துக் காலையில என்னையப் பூச்சி மருந்தடிக்கச் சொன்னீங்க? எனக்கே ராத்திரி பூரா வாந்தி. அது சின்ன உசுரு, தாங்குமா?"

பிடி என் கையிலிருந்து விழுந்தது. அவன் எழும்பிப் போய், இரத்தக் கையாலேயே அதன் வாயில் தண்ணீர் சொட்டினான். அது அசையவில்லை.

தினமும் அந்தப் பச்சோந்தியின் கண்ணையும் தோலையும் பார்த்துச் சுகம் விசாரித்தவன் நான். அன்று காலை முருகையா முகம் வெளிறித் தள்ளாடி வந்ததையும் பார்த்தேன். பிந்தி வந்ததற்கு ஏசினேன்.